முன்னறிவிப்பில்லாத தீர்மானம்: ஆசிரியர் செனட் கூட்டங்களுக்கு விதி எழுதுவது பற்றி

கரும்பலகை எழுதியது:

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறேன். எங்கள் ஆசிரியர் செனட்டின், அதாவது துறைகளின் ஆசிரியப் பிரதிநிதிகள் கூடி முடிவெடுக்கும் அவையின், விதிகள் குழுவில் இந்த ஆண்டு இடம்பெற்றிருக்கிறேன். கூட்ட நடைமுறை விதிகளை முழுமையாகத் திருத்தி எழுதும் பொறுப்பு எங்களிடம் வந்திருக்கிறது. இங்கே பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றுகிறவர்கள் இருப்பதால் உங்களைக் கேட்கிறேன்.

இந்த வேலைக்குக் காரணமான நிகழ்ச்சி இது. வசந்தப் பருவத்தின் கடைசிக் கூட்டம் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கியது. பொருள்நிரலில் இருந்தவை எல்லாம் முடிந்து ‘இதர பொருள்கள்’ என்ற இடத்துக்கு வரும்போது 5 மணி ஆகிவிட்டது. பிள்ளைகளை அழைத்துவர வேண்டியவர்களும் மாலை வகுப்பு உள்ளவர்களும் கிளம்பிப் போயிருந்தார்கள். அப்போது, இரண்டு மொழித் துறைகளை ஒரே துறையாக இணைக்கச் செனட் ஒப்புதல் அளிக்கிறது என்று ஒருவர் முன்மொழிந்தார். யார் கையிலும் நகல் இல்லை. திரையில் நான்கு வரி காட்டினார்கள். 17க்கு 9 என்று நிறைவேறியது. செனட்டில் மொத்தம் 64 உறுப்பினர்கள். இணைக்கப்படும் துறைகளில் ஒன்றின் பிரதிநிதி அந்த நேரம் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். தன் துறை இல்லாமல் போகப்போவதை மறுநாள் வந்த மின்னஞ்சலில்தான் அவர் தெரிந்துகொண்டார்.

இனி இப்படி நடக்கக் கூடாது. தலைவர் யாராக இருக்க வேண்டும், பொருள்நிரலை யார் தயாரிக்க வேண்டும், கோரம் (முடிவெடுக்க அவையில் இருந்தாக வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) எவ்வளவு, வாக்கெடுப்பு எப்படி என்று எல்லாமே இப்போது எங்கள் மேசையில் இருக்கிறது. உங்கள் இடங்களில் எது பயன்பட்டது, எது வீண் சுமையானது என்று சொல்லுங்கள்.

---

பனிக்காலம் எழுதியது:

கரும்பலகை ஐயா, நான் வேறொரு மாநிலத்தில் எங்கள் செனட்டின் நடைமுறை ஆலோசகராகப் பல ஆண்டுகள் இருந்தேன். தலைவரின் பக்கத்தில் விதிப் புத்தகத்தோடு உட்கார்ந்து, கேட்டால் மட்டும் காதில் சொல்லும் வேலை.

புதிய விதி இருக்கட்டும், முதலில் நடந்துபோனதைப் பார்ப்போம். உங்கள் செனட்டும், கூட்டம் நடத்தும் முறையைச் சொல்லும் ‘ராபர்ட் விதிகள்’ என்ற நூலைப் பின்பற்றுவதாகவே வைத்துக்கொள்கிறேன். இங்கே பெரும்பாலான செனட்டுகளின் துணைவிதிகளில் அப்படித்தான் ஒரு வரி இருக்கும். அந்த நூலுக்கு எப்போதும் கடைசி இடம் என்பதை மறந்துவிடாதீர்கள். மாநிலச் சட்டம், பல்கலைக்கழக வாரியத்தின் விதி, உங்கள் துணைவிதி, நீங்களே இயற்றிய சிறப்பு நடைமுறை விதி ஆகிய எல்லாம் மௌனமாக இருக்கும் இடத்தில்தான் ராபர்ட் பேசுவார்.

கோரம் பற்றித் துணைவிதியில் ஒன்றும் இல்லையென்றால் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 33 பேர் இருந்திருக்க வேண்டும். கோரம் இல்லாத கூட்டம் செய்யக்கூடியவை மிகச் சில: கலையலாம், சிறிது நேரம் இடைவேளை விடலாம், அடுத்த கூட்டத்துக்கு நேரம் குறிக்கலாம், ஆள் சேர்க்க முயலலாம். துறையை இணைக்க முடியாது.

வாக்களித்தவர்கள் 26 பேர்தான். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்மானம் செல்லாது என்று சொல்லிவிட முடியாது. வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தவர்களும் அவையில் இருந்தவர்களே. கோரம் இல்லை என்று அந்த நேரத்திலேயே யாராவது எழுந்து சொல்லியிருந்தால் தலைவர் எண்ணித்தான் ஆக வேண்டும். பின்னால் சொல்கிறவர் தெளிவான, ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரம் காட்ட வேண்டும். கூட்டக் குறிப்பில் நடுநிலை வகித்தவர்களின் எண்ணிக்கை இருக்கிறதா?

---

கரும்பலகை எழுதியது:

இல்லை. 17, 9 என்ற இரண்டு எண்கள் மட்டுமே இருக்கின்றன. வருகைப் பதிவு கூட்டத்தின் தொடக்கத்தில் எடுத்தது. அதில் 51 பெயர்கள் உள்ளன.

---

பனிக்காலம் எழுதியது:

அப்படியானால் கோரத்தைப் பிடித்துக்கொண்டு போராடாதீர்கள், வழக்கு நிற்காது. தீர்மானத்தையே ரத்து செய்யும் வழி இருக்கிறது. ஏற்கெனவே நிறைவேறிய முடிவை ரத்து செய்ய, முன்னறிவிப்புக் கொடுத்திருந்தால் வாக்களித்தவர்களில் சாதாரணப் பெரும்பான்மை போதும். முன்னறிவிப்பு இல்லாமல் திடீரென்று கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அல்லது மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். அறிவிப்பை எழுத்தில் கொடுங்கள், அடுத்த கூட்ட அழைப்பிலேயே அது இடம்பெறட்டும்.

ஒரு எச்சரிக்கை. முடிவின்படி செயல் நடந்து, திருப்பவே முடியாத நிலைக்குப் போய்விட்டால் அந்த அளவுக்கு ரத்து செய்ய முடியாது. ஆகவே ரத்துத் தீர்மானம் வரப்போகிறது, அதுவரை இணைப்பு வேலைகளை நிறுத்திவையுங்கள் என்று நிர்வாகத்துக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

---

எண்கணிதன் எழுதியது:

64 பேரில் 17 என்பது நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. 33 பேர் இருந்து அதில் 17 பேர் ஆதரித்தால் போதும் என்பதுதான் உங்கள் விதிகளின் கணக்கு. ஆகவே அந்த 17 கணக்குப்படி குறைந்த எண் அல்ல. கணக்கு சரியாக இருக்கும்போதே அநீதி நடந்திருக்கிறது என்றால் கோளாறு கணக்கில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது.

---

மூன்றாம் வரிசை எழுதியது:

எனக்கு இந்த விதி எழுதும் போக்கே பிடிக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன். எங்கள் துறைக் கூட்டத்தில் முன்மொழிவும் கிடையாது வழிமொழிவும் கிடையாது. சுற்றி உட்காருவோம், ஒவ்வொருவராகப் பேசுவோம், கருத்து ஒன்றுபடும்வரை பேசுவோம். படித்தவர்கள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். 1876ல் ஒரு ராணுவப் பொறியாளர் எழுதிய புத்தகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ‘ஒழுங்குப் பிரச்சினை’ என்று எழுந்து நிற்பவர்களைப் பார்த்தால் ஆசிரியர் அவை நீதிமன்றம் ஆகிவிட்டது போல இருக்கிறது. விதி தெரிந்தவன் விதி தெரியாதவனை அடக்குவதற்குத்தான் அது உதவுகிறது. கரும்பலகை சொன்ன சம்பவத்திலும் விதியை மீறி எதுவும் நடக்கவில்லையே. விதிப்படியே நடந்திருக்கிறது.

---

பனிக்காலம் எழுதியது:

> விதி தெரிந்தவன் விதி தெரியாதவனை அடக்குவதற்குத்தான் அது உதவுகிறது.

இந்த வருத்தம் நியாயமானது, நானும் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் விதியே இல்லாத அவையில் யார் அடக்குகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். உரத்த குரல் உள்ளவர், பதவி உயர்வு யார் கையில் இருக்கிறதோ அவர், அன்று மாலை வேறு வேலை இல்லாதவர். இந்த மூவரும்தான்.

ஹென்றி ராபர்ட் பொறியாளர்தான். 1863ல் மாசசூசெட்ஸில் நியூ பெட்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது. தலைமை தாங்க ஒன்றும் தெரியாமல் நின்ற அந்த அனுபவம்தான் அவரை இதைப் படிக்கவும் எழுதவும் வைத்தது. படித்தவர்கள், தெரிந்தவர்கள், ஒரே கடவுளை வணங்குகிறவர்கள் கூடிய அவைதான் அதுவும்.

உங்கள் துறைக் கூட்டம் போன்ற சிறு குழுக்களுக்கு, ஏறத்தாழ பன்னிரண்டு பேர் வரை, அந்த நூலே விதிகளைத் தளர்த்திவிடுகிறது. வழிமொழிய வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் பேசலாம், தலைவரும் விவாதத்தில் சேரலாம். 64 பேர் உள்ள, பிரதிநிதிகளால் ஆன அவைக்கு அது பொருந்தாது. அங்கே உட்கார்ந்திருப்பவர் தனக்காக மட்டும் பேசவில்லை, அங்கே இல்லாத துறைக்காரர்களுக்காகவும் பேசுகிறார். அவர்களிடம் கேட்டுவர அவருக்கு நேரம் கொடுத்தாக வேண்டும்.

---

வைகைக்கரை எழுதியது:

பனிக்காலம் ஐயா சொன்ன கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். இந்தியாவில் தன்னாட்சிக் கல்லூரிகள் மிக அதிகமாக இருப்பது நம் மாநிலத்தில்தான். 1978லேயே லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி போன்றவை அந்த நிலையைப் பெற்றுவிட்டன. பாடத்திட்டத்தை நாமே வகுத்துக்கொள்ளலாம், தேர்வை நாமே நடத்தலாம் என்பது பெரிய உரிமை. அந்த உரிமையை நாங்கள் எந்த அறையில் பயன்படுத்துகிறோம் என்று சொல்கிறேன்.

துறைதோறும் பாடத்திட்டக் குழு இருக்கிறது. அதற்கு மேலே கல்விக் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி கல்லூரி முதல்வர்தான் அதன் தலைவர். துறைத் தலைவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். ஆசிரியர்களிலிருந்து நான்கு பேர், வெளியிலிருந்து வல்லுநர்கள், பல்கலைக்கழகம் நியமிக்கும் மூவர் ஆகியோரும் இருப்பார்கள். உறுப்பினர் செயலரை முதல்வரே நியமிக்கிறார். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் கூட்ட நாளன்று காலை பத்து மணிக்கு அரங்கில் நுழைந்தால் ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் கயிறு கட்டிய ஒரு கட்டு இருக்கும். எல்லாத் துறைகளின் புதிய பாடத்திட்டங்களும் அதில் இருக்கும், தலையணை உயரத்துக்கு. பதினொன்றரைக்குள் வணிகவியல் முதல் விலங்கியல் வரை முடிந்துவிடும். துறைத் தலைவர் எழுந்து என்ன மாற்றம் என்று இரண்டு வாக்கியம் சொல்வார். தலைவர் ‘ஏற்கலாமா’ என்பார். வெளி வல்லுநர் ஒருவர் ஏதாவது ஒரு நூலின் புதிய பதிப்பைச் சேர்க்கச் சொல்வார். ‘திருத்தத்துடன் ஏற்கப்பட்டது’ என்று குறிப்பில் ஏறும். பிறகு மதிய உணவு.

மூன்றாண்டு படிக்கப்போகிற பிள்ளைகளின் பாடம் அது. ஒரு பருவத்தில் எங்கள் துறை மாணவர்களுக்கு இருந்த ஆய்வுக்கூட நேரம் இப்படித்தான் பாதியாகக் குறைந்தது. அந்தக் கட்டில் எத்தனையாவது பக்கத்திலோ அது இருந்தது. யாரும் மறைக்கவில்லை, பொய் சொல்லவில்லை. கட்டை ஒரு வாரம் முன்னால் அனுப்பியிருந்தால் நான் படித்திருப்பேன். எங்கள் துறையில் இன்னும் நாலு பேர் படித்திருப்பார்கள்.

ஆகவே விதியில் ஒரே ஒரு வரி எழுதத்தான் எனக்கு இடம் கொடுப்பார்கள் என்றால், ஆவணம் உறுப்பினர் கையில் ஏழு நாள் இருக்காத எதையும் அவை முடிவு செய்யக் கூடாது என்று எழுதுவேன். தலைவர் யார், வாக்கு எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

---

தீவகத்தான் எழுதியது:

வணக்கம். இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டமே எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. மூதவைக்கு (செனட்) துணைவேந்தர் தலைமை தாங்குவார், பீடச் சபைக்குப் பீடாதிபதி (டீன்). நாங்கள் விரும்பினாலும் தலைவரை மாற்றி விதி எழுத இயலாது, அதற்குப் பாராளுமன்றம் போக வேண்டும். ஆகையால் எங்களுடைய அக்கறை எல்லாம் கூட்டக் குறிப்பில்தான்.

ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் முந்தைய கூட்டக் குறிப்பை உறுதிப்படுத்துவோம். அடுத்தது ‘கூட்டக் குறிப்பிலிருந்து எழும் விடயங்கள்’. இந்த இரண்டாவது தலைப்பைத் தயவு செய்து சாதாரணமாக நினைக்க வேண்டாம். சென்ற மாதம் எடுத்த தீர்மானம் என்ன ஆனது, கடிதம் அனுப்பப்பட்டதா, பதில் வந்ததா என்று ஓர் இளம் விரிவுரையாளரும் துணைவேந்தரிடமே எழுந்து கேட்கக்கூடிய இடம் அதுதான். கேட்டால் பதில் குறிப்பில் ஏறும். பதில் இல்லையென்றால் அதுவும் ஏறும். அடுத்த மாதம் மறுபடியும் வரும். எங்கள் பீடத்தில் ஒரு விடயம் இவ்வாறே மாதாமாதம் வந்து, கடைசியில் நிர்வாகம் செய்து முடித்தது.

கரும்பலகை அவர்களே, உங்கள் குறிப்பில் நடுநிலை எண்ணிக்கை இல்லை, வாக்கெடுப்பு நேரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் இல்லை. ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை, அந்நேரம் அவையில் இருந்தோர் என்று நான்கு எண்களும் கட்டாயம் பதிய வேண்டும் என்று விதி வையுங்கள்.

---

பனிக்காலம் எழுதியது:

தீவகத்தான் சொன்ன நான்கு எண்களை முழு மனதோடு வழிமொழிகிறேன். அதோடு ஒன்று: குறிப்பில் என்ன செய்யப்பட்டது என்பது இருக்கட்டும், யார் என்ன பேசினார் என்பது வேண்டாம். பேச்செல்லாம் பதிவானால் பணி நிரந்தரம் ஆகாத உதவிப் பேராசிரியர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

---

தேம்ஸ் ஓரம் எழுதியது:

முன்னறிவிப்பு விதியை எல்லோரும் போற்றுகிறீர்கள். அதே விதி கழுத்தை நெரித்த கதையையும் கேளுங்கள். நான் ஆய்வாளராக இங்கிலாந்தில் இருக்கிறேன்.

2018 பிப்ரவரி இறுதியில் இங்கே பல்கலைக்கழக ஓய்வூதியத்தில் கைவைக்கும் திட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது. ஆக்ஸ்போர்டில் காங்கிரிகேஷன் என்று ஓர் அவை உண்டு. சில ஆயிரம் ஆசிரியர்களும் மூத்த அலுவலர்களும் அதன் உறுப்பினர்கள். பல்கலைக்கழகத்தின் உச்ச அதிகாரமே அதுதான். பல்கலைக்கழகம் ஓய்வூதிய விஷயத்தில் எடுத்த நிலைப்பாட்டை மாற்ற வேண்டும் என்று உறுப்பினர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். வழக்கமான கால அவகாசத்துக்குள் அது வரவில்லை, அவசரம் கருதி விதியைத் தளர்த்தி விவாதிக்க வேண்டியிருந்தது. அப்படித் தளர்த்துவதை 20 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆட்சேபித்தால் விவாதம் கிடையாது. மார்ச் 6ஆம் தேதி கூட்டத்தில் 20 பேர் எழுந்து நின்றார்கள். அத்தோடு முடிந்தது. அவையில் ‘வெட்கம்’ என்று குரல்கள்.

வந்திருந்தவர்கள் கலைந்து வீட்டுக்குப் போகவில்லை. வேறிடத்தில் கூடி, அதிகாரபூர்வமற்ற வாக்கெடுப்பு ஒன்றை நடத்தினார்கள். 442க்கு 2. சட்டப்படி அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. ஆனால் மறுநாளே துணைவேந்தர் லூயிஸ் ரிச்சர்ட்சன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வதாக அறிவித்தார்.

20 பேரை விதி காப்பாற்றியது, 442 பேரின் வாயை அடைத்தது. விதி எழுதுகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

---

வைகைக்கரை எழுதியது:

இதைப் படித்ததும் சற்று நேரம் யோசித்தேன். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. அங்கே விவாதிக்க விரும்பியவர்கள் நூற்றுக்கணக்கில் அவைக்கே வந்திருந்தார்கள், விஷயம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும், வேலைநிறுத்தமே நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையின் செனட்டில் தெரியவேண்டியவர்களுக்கே தெரியாது. முன்னறிவிப்பு யாருக்காக? இல்லாதவருக்காக. எல்லோரும் வந்து நிற்கும்போது அதைக் காட்டி விவாதத்தை நிறுத்துவது, அந்த விதி ஏன் இருக்கிறது என்பதையே மறப்பது.

---

பனிக்காலம் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. ஆகவே கதவைப் பூட்ட வேண்டும், சாவியையும் அவையிடமே கொடுக்க வேண்டும். நிலையான எண்ணில் ஒரு சிறு கூட்டம் ஆட்சேபித்தால் போதும் என்பது பெரிய அவைக்கு ஆபத்து. ராபர்ட் விதிகளில் எங்கெல்லாம் உறுப்பினரின் உரிமையைக் குறைக்கிறோமோ அங்கெல்லாம் மூன்றில் இரண்டு பங்கு கேட்கப்படும். விவாதத்தை முடித்து வாக்கெடுக்க வேண்டும் என்றாலும் அதுதான். முன்னறிவிப்பு இல்லாத பொருளை எடுக்கவும் அதையே வையுங்கள். அவசரம் உண்மையானால் அந்த ஆதரவு கிடைக்கும். ஆக்ஸ்போர்டு அவையில் இந்த விதி இருந்திருந்தால் 20 பேர் நின்றும் விவாதம் நடந்திருக்கும்.

கூடவே இன்னொரு தடுப்பு: துறையைத் தொடங்குவது, இணைப்பது, மூடுவது, பட்டப்படிப்பு ஒன்றை நிறுத்துவது ஆகிய நான்குக்கும் எந்த அவசரத்திலும் விலக்குக் கிடையாது என்று எழுதிவிடுங்கள். ஒரே மாலையில் முடிவு செய்தாக வேண்டிய துறை இணைப்பு என்று ஒன்றை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

---

கரும்பலகை எழுதியது:

இந்த நான்கையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் அடுத்த கவலை: ஏழு நாள் முன்னால் பொருள்நிரல் வரும், ஆனால் அதில் எது இடம்பெறும் என்பதை முடிவு செய்வது யார்? எங்கள் இடத்தில் செனட்டின் நிர்வாகக் குழுவும் புரோவோஸ்ட் (பல்கலைக்கழகத்தின் தலைமைக் கல்வி அதிகாரி) அலுவலகமும் கலந்து பேசித் தயாரிக்கின்றன. ஆசிரியர்கள் கேட்ட ஒரு பொருள் மூன்று கூட்டங்களாக ‘நேரமின்மை’ காரணமாக வரவே இல்லை.

---

தேம்ஸ் ஓரம் எழுதியது:

கையெழுத்து உரிமை வையுங்கள். இத்தனை உறுப்பினர்கள் ஒப்பமிட்டுக் கேட்டால் பொருள்நிரலில் சேர்த்தே ஆக வேண்டும், தலைவருக்கோ குழுவுக்கோ மறுக்கும் உரிமை இல்லை என்று.

கேம்பிரிட்ஜில் 2020 இறுதியில் நடந்ததைப் பாருங்கள். அங்கே உச்ச அவை ரீஜன்ட் ஹவுஸ். பேச்சுச் சுதந்திரம் பற்றிய புதிய அறிக்கையைப் பல்கலைக்கழகக் கவுன்சில் கொண்டுவந்தது. பிறர் கருத்துக்கு மரியாதை காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. மரியாதையைக் கட்டாயமாக்கினால் கடும் விமர்சனமே குற்றமாகிவிடும், சகித்துக்கொள்ள வேண்டும் என்பதே போதும் என்று சில ஆசிரியர்கள் திருத்தம் கொடுத்தார்கள். 25 உறுப்பினர்களின் கையெழுத்து சேர்ந்தால் திருத்தம் வாக்கெடுப்புக்குப் போயாக வேண்டும். போனது. 1,316க்கு 162 என்று திருத்தம் வென்றது. கவுன்சிலின் தயவை நம்பியிருந்தால் வாக்குச்சீட்டுக்கே வந்திருக்காது.

---

மூன்றாம் வரிசை எழுதியது:

இந்தக் கையெழுத்து உரிமையை நானும் ஏற்கிறேன். மற்றதில் என் ஐயம் தீரவில்லை. ஆனால் அவையில் பேசவே வராதவர்கள் மின்னணு வாக்குச்சீட்டில் மட்டும் வந்து தீர்மானிப்பதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்? விவாதம் கேட்காமல் போடும் வாக்கு எதற்கு?

---

எண்கணிதன் எழுதியது:

அவையின் முடிவும் வாக்குச்சீட்டின் முடிவும் எப்போதும் வேறுபடும் என்று நினைக்க வேண்டாம். ஆக்ஸ்போர்டில் 2006ல், வெளியாட்கள் பெரும்பான்மையாக இருக்கும் கவுன்சிலை அமைக்கத் துணைவேந்தர் ஜான் ஹூட் காலத்தில் கொண்டுவந்த திட்டம். நவம்பர் கூட்டத்தில் 730க்கு 456 என்று தோற்றது. பிறகு எல்லா உறுப்பினர்களுக்கும் அஞ்சல் வாக்கு: 1,540க்கு 997. முதலாவதில் எதிர்ப்பு ஏறத்தாழ 61.6 விழுக்காடு, இரண்டாவதில் 60.7. வந்தவர்களும் வராதவர்களும் ஒரே மாதிரிதான் நினைத்திருக்கிறார்கள்.

---

பனிக்காலம் எழுதியது:

ஒரே ஒரு நிகழ்வை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாது என்றாலும் எண்கள் சுவையானவை. மூன்றாம் வரிசையின் கேள்விக்கு என் பதில்: விவாதத்தை அவையில் நடத்துங்கள், அதன் பதிவை அனுப்புங்கள், மிகப் பெரிய விஷயங்களுக்கு மட்டும் பிறகு வாக்குச்சீட்டு. மற்றதெல்லாம் அவையிலேயே. இணையவழிக் கூட்டம் என்றால் துணைவிதியில் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாமல் நடத்தியிருந்தால் பின்னால் சிக்கல். ஒருவருக்காக இன்னொருவர் வாக்களிப்பது வேண்டவே வேண்டாம்.

---

வைகைக்கரை எழுதியது:

ரகசிய வாக்கெடுப்பு பற்றி யாரும் பேசவில்லையே. தலைவர் மேடையில் இருக்க, டீன்கள் முன்வரிசையில் இருக்க, கை தூக்கச் சொன்னால் இளையவர்கள் என்ன செய்வார்கள்?

---

பனிக்காலம் எழுதியது:

ஹார்வர்டில் 2005 மார்ச்சில் கலை அறிவியல் ஆசிரியர் அவை, பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் மீது நம்பிக்கை இல்லை என்று வாக்களித்தது. 218க்கு 185, நடுநிலை 18. ரகசிய வாக்கெடுப்பு. அந்த அவைக் கூட்டங்களுக்கு வழக்கமாகத் தலைமை வகிப்பவர் பல்கலைக்கழகத் தலைவரே என்பதை நினைத்துப் பாருங்கள். கை தூக்கும் வாக்கெடுப்பாக இருந்திருந்தால் இதே எண் வந்திருக்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த முடிவு அவரைப் பதவியிலிருந்து நீக்கவில்லை, அந்த அதிகாரம் ஆசிரியர்களுக்கு இல்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இரண்டாவது வாக்கெடுப்பு நடக்கவிருந்த நிலையில் விலகுவதாக அவரே அறிவித்தார்.

ஆனால் கரும்பலகை ஐயா, உங்கள் மாநிலத்தின் திறந்த கூட்டச் சட்டத்தைப் பார்க்காமல் ரகசிய வாக்கெடுப்பு விதி எழுதாதீர்கள். கலிஃபோர்னியாவில் 1953ல் வந்த பிரவுன் சட்டம் சமுதாயக் கல்லூரிகளின் ஆசிரியர் செனட்டுகளுக்கும் பொருந்தும். வழக்கமான கூட்டத்தின் பொருள்நிரலை 72 மணி நேரம் முன்னதாகப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, அதில் இல்லாத பொருளில் முடிவெடுக்கக் கூடாது. ரகசிய வாக்கும் கூடாது. உங்கள் சம்பவம் அங்கே நடந்திருந்தால் 5 மணித் தீர்மானம் சட்ட விரோதம். வைகைக்கரை அம்மாவின் ஒற்றை வரியை ஒரு மாநிலம் சட்டமாகவே வைத்திருக்கிறது.

---

எண்கணிதன் எழுதியது:

ஹார்வர்டு எண்களில் ஒரு பாடம். வாக்களித்தவர்களில் பெரும்பான்மை என்றால் 403ல் 202 போதும். நடுநிலையையும் சேர்த்து எண்ணினால் 421ல் 211 வேண்டும். 218 இரண்டையும் தாண்டியது. ஆதரவு 205 ஆகவும் எதிர்ப்பு 198 ஆகவும் இருந்திருந்தால் முதல் கணக்கில் வெற்றி, இரண்டாவதில் தோல்வி. எந்தக் கணக்கு என்று விதியில் எழுதாவிட்டால் சண்டை அந்த நாளில் வரும்.

---

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குழுவுக்கு இன்று அனுப்பிய வரைவின் முக்கியப் பகுதி இது:

“பொருள்நிரலும் தொடர்புடைய ஆவணங்கள் முழுவதும் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே உறுப்பினர்களுக்குக் கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைக்காத பொருளில், அவையில் இருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தாலன்றி முடிவெடுக்கக் கூடாது. துறை அல்லது பட்டப்படிப்பைத் தொடங்குதல், இணைத்தல், மூடுதல், நிறுத்துதல் ஆகியவற்றுக்கு இந்த விலக்குப் பொருந்தாது. பொருள்நிரலை ஆசிரியர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு மட்டுமே தயாரிக்கும். 10 உறுப்பினர்கள் ஒப்பமிட்டுக் கேட்கும் பொருளை அடுத்த கூட்டத்திலேயே, நிர்வாக அறிக்கைகளுக்கு முன்னால் வைக்க வேண்டும். எண்ணி எடுக்கும் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை, அவையில் இருந்தோர் ஆகிய நான்கு எண்களும் குறிப்பில் பதியப்பட வேண்டும்.”

தலைவராக ஆசிரியர்களிலிருந்தே ஒருவரைத் தேர்ந்தெடுப்பதும் வரைவில் இருக்கிறது. பேச்சு நேரத்தில் அதிகம் கை வைக்கவில்லை. ராபர்ட் விதிப்படி ஒருவர் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு முறை பேசலாம், அது எங்களுக்கு அதிகம். மூன்று நிமிடம் என்று வைத்து, பேசாதவருக்கு முதல் வாய்ப்பு என்ற பழைய முறையை அப்படியே விட்டோம். ரத்துத் தீர்மானத்துக்கான முன்னறிவிப்பும் எழுத்தில் போய்விட்டது. இணைப்பு வேலைகளை நிறுத்திவைக்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது.

---

எண்கணிதன் எழுதியது:

‘அவையில் இருப்போரில் மூன்றில் இரண்டு பங்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நடுநிலை வகிப்பவர் எதிர்ப்பாளராகவே எண்ணப்படுவார். தெரிந்துதான் எழுதினீர்களா?

---

கரும்பலகை எழுதியது:

தெரிந்துதான். இல்லாதவருடைய உரிமையை விட்டுக்கொடுக்கும் இடம் அது. தயங்குகிறவர் இருந்தால் அடுத்த கூட்டம்வரை காத்திருப்பதே முறை. சாதாரணத் தீர்மானங்களுக்கு வாக்களித்தோரில் பெரும்பான்மை என்றே இருக்கும்.

---

பனிக்காலம் எழுதியது:

நன்று. இந்த விதிகளை நிறைவேற்றவும் முன்னறிவிப்போடு மூன்றில் இரண்டு பங்கு தேவை, அல்லது மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை. வருகை குறைவான கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளாதீர்கள், ஆண்டின் முதல் கூட்டத்திலேயே வையுங்கள். நிறைவேறிய நொடியிலிருந்தே விதி நடைமுறைக்கு வந்துவிடும். வேறு தேதி வேண்டுமென்றால் தீர்மானத்திலேயே அதைச் சொல்ல வேண்டும்.

---

கரும்பலகை எழுதியது:

வேறு தேதி வேண்டாம். அந்தக் கூட்டத்தில் அடுத்து வரும் பொருளிலிருந்தே நடைமுறைக்கு வரட்டும்.